நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்த பிறகு

மிக்சி வாங்கினால்கூட ஆறு மாதம் ஓட்டிப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்லக் கூடாது என்பது என் கட்சி. தியானத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் முதல் மாத மயக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நான் 2021 செப்டம்பரில் தொடங்கினேன். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி சொல்லலாம்.

முதலில் என்னைப் பற்றி. பிறந்தது புளியந்தோப்பு, இருப்பது தண்டையார்பேட்டை, வேலை மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில். அப்பா பின்னி மில் தொழிலாளி. 1996இல் மில்லை மூடியபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு டிபன் கேரியரும் நிறைய மௌனமும்தான். எங்கள் பக்கத்துப் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அம்பேத்கர் படத்துக்கு அருகில் காலண்டரில் புத்தர் இருந்தார். அவரிடம் யாரும் எதுவும் வேண்டிக்கொண்டதில்லை. வெறுமனே இருந்தார். அப்பா இறந்த பிறகு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் தொடக்கம். அதற்கு மேல் பெரிய காரணம் இல்லை.

பிறகுதான் படித்தேன். 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். நாடி பிடித்துப் பார்க்கிறவர் கையில் இந்த மதம் இந்த ஊருக்குத் திரும்பி வந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. என்ன நோய் என்று முதலில் பார், மருந்தை அப்புறம் பேசலாம்.

முதல் ஆண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. முழங்கால் வலி, தூக்கம், கண்ணை மூடினால் பில் எண்கள். மூச்சைக் கவனி என்றார்கள், கவனித்தேன். கைப்பேசியில் ஒரு செயலி மணியடித்து ‘இன்று நீங்கள் அமைதியாக இருந்தீர்களா?’ என்று கேட்கும். மூன்று மாதத்தில் அதை நீக்கியதும் உண்மையிலேயே அமைதி வந்தது.

மாற்றம் வந்தது ஒரு நாவல் பழத்தால். 2022 ஜூலை, மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் புத்தர் தம் தேடலைத் தாமே சொல்லும் பாலி உரையான மகாசச்சக சுத்தத்தைத் தமிழில் படித்திருந்தேன். ஆண்டுக்கணக்கில் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகி எதுவும் பலிக்காத நிலையில், சித்தார்த்தருக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வருகிறது. சிறு பையனாக, அப்பா தன் வேலையில் இருந்தபோது, நாவல் மர நிழலில் தனியாக உட்கார்ந்திருந்த நாள். மனம் தானாகவே ஒன்றி, இனிமையாக இருந்த நாள். ‘இதுதான் வழியாக இருக்குமோ?’ என்று கேட்டுக்கொள்கிறார். அதன் பிறகுதான் சோறு சாப்பிடுகிறார். பழைய வடமொழிக் கவிஞர் அசுவகோஷர், புத்தர் வாழ்க்கையைப் பாடிய தம் காவியத்தில் அந்த நாவல் மரத்தை வளர்ந்த இளவரசனின் கதைக்குள் வைக்கிறார். ஏர் கிளறிய மண்ணில் செத்துக் கிடக்கும் புழு பூச்சிகளைப் பார்த்து அவன் வருந்துகிறான், பிறகு போய் நாவல் மரத்தடியில் உட்காருகிறான்.

நான் வண்டிக்காரரிடம் ஐம்பது ரூபாய்க்கு வாங்கி, நடந்துகொண்டே தின்று, மின்கம்பத்துக்கு அருகில் நின்று கைப்பேசிக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். ஊதா. வயது நாற்பத்து மூன்று. கடைசியாக நாக்கைப் பார்த்தது எப்போது? புளியந்தோப்பில் யார் நாக்கு அதிக ஊதா என்று போட்டி வைப்போம். அந்தப் போட்டியில் யாரும் ஜெயித்ததாக நினைவில்லை, எல்லோருமே எல்லோருடைய வாயையும் பார்த்தோம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உட்காரும் முறையை மாற்றினேன். அமைதி வேண்டும் என்று உட்காருவதை விட்டு, இப்போது என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன். முழங்கால் வலி அப்படியே இருந்தது. ஆனால் அது ஒரே வலி இல்லை, குத்தல் ஒன்று, சூடு ஒன்று, நடுவில் ஒன்றுமில்லாத இடைவெளி ஒன்று என்று தெரிந்தது.

அந்த டிசம்பரில், கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய முறையில், பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போனேன். கட்டணம் இல்லை, முடித்த பிறகு விருப்பமிருந்தால் நன்கொடை. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும், பேசக் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு மட்டும். மூன்றாம் நாள் ஓடிவிடலாம் என்று பையைக் கட்டி, ஆறாம் நாள் சுவரில் போகும் எறும்பு வரிசையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரெதிரே வரும் எறும்புகள் நின்று முகம் தொட்டு, பிறகே போகின்றன. மண்ணடியில் இப்படி ஒருவரும் போவதில்லை. பத்தாம் நாள் மைத்திரி, அதாவது எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தும் பயிற்சி, சொல்லித் தந்து, வாயையும் திறந்துவிட்டார்கள். வீடு திரும்பிய பஸ்ஸில் எல்லோர் முகமும் புதிதாக இருந்தது. அந்த நிலை பதினோரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் அலுவலகத்தில் ஒரு கன்டெய்னர் சிக்கிக்கொண்டது.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். பெரிய குறை, எனக்குத் தலைக்கனம் ஏறியது. கோபம் வந்தால் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அதை உபேட்சை, அதாவது விருப்பு வெறுப்பற்ற சமநிலை, என்று நினைத்துக்கொண்டேன். என் மகள்தான் உடைத்தாள்: “அம்மா, முன்பு கத்தினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது பேசாமல் பார்க்கிறாய், அது இரண்டு நாள் ஓடுகிறது.” ஐந்தாம் நூற்றாண்டின் தியான நூலான விசுத்திமார்க்கத்தில் புத்தகோசர் என்ற பிக்கு இதை எழுதிவைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு நற்குணத்துக்கும் நேரெதிர்ப் பகை ஒன்று, பக்கத்திலேயே அதன் வேடத்தில் நிற்கும் பகை ஒன்று. உபேட்சைக்குப் பக்கத்துப் பகை அக்கறையின்மை. கருணைக்குப் பக்கத்துப் பகை துக்கம்.

இரண்டாவதை 2023 டிசம்பரில் பார்த்தேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய நாட்கள். உறவினர் வீடு அந்தப் பக்கம். படகும் வலையும் கருப்பு, கரையில் கூழைக்கடா ஒன்று இறகெல்லாம் பழுப்பாகி, பறக்கப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தது. எனக்கு நெஞ்சை அடைத்தது, சாப்பிட முடியவில்லை, அந்த வருத்தத்தில் ஒரு சொகுசும் இருந்தது என்று இப்போது தெரிகிறது. உறவினரின் ஆறு வயதுப் பையன் அழவில்லை. “அதற்குக் கண் எரியுமா?” என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. தன் கையில் ஒட்டிய எண்ணெயைத் தண்ணீரில் கழுவிப் பார்த்தான், போகவில்லை. சோப்புப் போட்டான், கொஞ்சம் போயிற்று. “சோப்பு போட்டால் அதற்கு எரியும் இல்லையா?” என்று அடுத்த கேள்வி. நான் மூன்று நாள் துக்கப்பட்டேன். அவன் கேட்ட அளவுக்கு அந்தப் பறவையைப் பற்றி நான் ஒன்றுமே யோசித்திருக்கவில்லை.

மைத்திரியில் வரிசை உண்டு. முதலில் தனக்கு, பிறகு வேண்டியவருக்கு, பிறகு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவருக்கு, கடைசியில் வேண்டாதவருக்கு. ‘சப்பே சத்தா பவந்து சுகிதத்தா’ (எல்லா உயிர்களும் நன்றாக இருக்கட்டும்) என்று பாலியில் சொன்னால் எனக்கு வாயோடு நின்றுவிடுகிறது. காசிமேட்டில் மீன் விற்கும் ஆயா பாக்கிச் சில்லறையோடு சேர்த்துத் தருகிற “நன்றாக இரு கண்ணு” போதும். அதையே சொல்கிறேன்.

என் வேண்டாதவர், தண்ணீர் லாரி வந்தால் வரிசையில் குடத்தைத் தள்ளிவிட்டு முந்துகிற எதிர்வீட்டு அக்கா. எட்டு மாதம் அவருக்கு “நன்றாக இரு” சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை, சொல்லச் சொல்லக் கடுப்புதான் ஏறியது. ஒருநாள் குடத்தைப் பிடுங்கும்போது அவர் முன்கையில் வரிசையாக மூன்று தழும்புகள். சண்டையின் நடுவிலேயே, “அக்கா, இது என்ன?” என்று கேட்டுவிட்டேன். அவரும் குடத்தை விடாமலே, “இட்லிக் குண்டான் ஆவி. மூன்று மணிக்கு எழுந்து ஊற்றுகிறேன், தூக்கக் கலக்கம்” என்றார். ஏழு ஆண்டு எதிர்வீடு. அவர் இட்லி போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது எனக்குத் தெரியாது. ஆறரைக்குள் பாத்திரம் கழுவ வேண்டும், அதனால்தான் முந்துகிறார்.

இப்போதும் முந்துகிறார். நானும் சத்தம் போடுகிறேன். ஆனால் அவருக்கு “நன்றாக இரு” சொல்லும்போது ஒரு கை நினைவுக்கு வருகிறது, அது வேறு மாதிரி இருக்கிறது. தெரிந்துகொள்ளும் ஆசை முன்னே போனால் கருணை பின்னால் வருகிறது, எனக்கு அந்த வரிசையில்தான் வேலை செய்கிறது. கருணையை முதலில் வரவழைக்கப் பார்த்தால் நடிப்பில் முடிகிறது. மற்றவர்களுக்கு வேறாக இருக்கலாம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தினமும் இருபத்தைந்து நிமிடம் போதும், நான் மொட்டை மாடியில் பழைய ஜமுக்காளத்தை நான்காக மடித்து உட்காருகிறேன். தனி மெத்தை வாங்காதீர்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பத்து நாள் மௌனத்துக்குள் நுழைய வேண்டாம், விண்ணப்பத்திலேயே அதைப் பற்றிக் கேட்கிறார்கள், மறைக்காதீர்கள். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் எழும்பூர் கென்னட் சந்தில் மகாபோதி சங்கம் இருக்கிறது. அப்படியே அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், கூட்டம் இருக்காது.

நாளை லாரி ஐந்தரைக்கு. நான்கே முக்காலுக்கு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். எதிர்வீட்டில் அதற்குள் இரண்டு ஈடு இறக்கியிருப்பார், ஆவி வாசனை மாடி வரை வரும்.