ரவைத் தட்டு, உப்புத்தாள், சிவப்பு அட்டை: டிஸ்லெக்சியா பிள்ளைகளோடு மூன்று வருஷம்

மும்பை மாட்டுங்காவில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம், உள்ள பிள்ளைகள் வர ஆரம்பித்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. பள்ளியில் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி. என்னிடம் தமிழும் சேரும்.

அடிப்படை, 1930-களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் தொடங்கிவைத்த முறைதான்: கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் எழுதுவது, எல்லாம் ஒரே நேரத்தில். இதற்கு ரவையைப் பரப்பி விரலால் எழுதும் தட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஜூன் பிறக்கும் வரை அருமை. மும்பை மழையில் ரவை கட்டி தட்டும், எறும்பு மொய்க்கும். உப்பு அதைவிட மோசம், நீர்த்துவிடும். இப்போது ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறேன். நைசான தாளாக வாங்குங்கள், சொரசொரப்பு அதிகமானால் பிள்ளைகள் விரல் எரிகிறது என்பார்கள். மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று எத்தனை தடவை சொல்லியும் ஏறாதது, தடவிப் பார்த்ததும் பிடிபடுகிறது.

ஆங்கிலத்துக்கென்று விற்கும் கிட் தமிழில் கைவிடும் இடம் கொம்பு. ‘கொடி’யில் க-வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். ஆனால் வாயில் முதலில் வருவது க். ஒரு பையன் ‘கெடாடி’ என்றுதான் படிப்பான். மெய்யை நீல அட்டையிலும், கொம்பு, கால் வகையறாவைச் சிவப்பு அட்டையிலும் எழுதினேன். “நீலத்தைத் தொட்டு க் சொல்லு, அப்புறம் சிவப்பு என்னன்னு பாரு.” இவ்வளவுதான் விதி. மராத்தியில் குறில் இகரத்துக்கான குறியான பஹிலி வேலாண்டிக்கும் இதே சேட்டை உண்டு: எழுத்துக்கு முன்னால் நிற்கும், பின்னால் ஒலிக்கும். அதற்கும் அதே நிறம் போட்டதில் மராத்தி வாசிப்பும் கொஞ்சம் சீரானது. உகர வரிசையில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. கு, மு, து ஒவ்வொன்றும் ஒரு வடிவம், கழற்ற வராது. அவற்றை முழு எழுத்தாகவே உப்புத்தாளில் செய்தாக வேண்டும்.

டிஸ்லெக்சியாவுக்கென்றே வரும் ஆங்கில எழுத்துருவால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வுகளிலும் தெளிவான பலன் காணவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, இடைவெளி கூட்டி அச்செடுத்தது மேல். பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி தெரியும் அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுப்பேன், வரி தாவுவது குறையும். போன் வாசித்துக் காட்டுவது சயின்ஸ் பாடம் புரிய நல்லது, வாசிக்கப் பழக உதவாது.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கத் தயங்கும் பெற்றோர்தான் அதிகம், பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடுமாம்! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சயான் ஆஸ்பத்திரியில் பரிசோதித்துத் தருகிறார்கள். தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், விடமாட்டேன் என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லா அட்டையும் செய்ய நேரமில்லை என்றால் கொம்பு எழுத்துகளை மட்டுமாவது செய்யுங்கள். லேமினேஷன் வேண்டாம், டியூப்லைட் பட்டு மினுங்கி எழுத்தே தெரியாது.