டிஎன் 63, பாண்டி வண்டி, பிஎச் எண், வெளிநாட்டுக் கார்: காரைக்குடியில் பழைய கார் வாங்குபவருக்கு எதில் என்ன சிக்கல்?

ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே ஓட்டம். ஒன்றில் டிஎன் 63 எண் (சிவகங்கை மாவட்டம்), மற்றதில் பிஒய் 01 (புதுச்சேரி). பிஒய் வண்டியின் விலை ஒரு லட்சமோ அதற்கு மேலோ குறைத்துச் சொல்லப்படும். "பாண்டி வரியில்லாத ஊருண்ணே, அதான் கம்மி" என்று தரகர் காரணமும் சொல்வார்.

இந்தக் காரணமே தவறு. புதுச்சேரி வரியில்லா மண்டலம் அல்ல. சுங்க வரியும் ஜிஎஸ்டியும் அங்கேயும் நாடு முழுக்க உள்ளதுதான். வாகன வரியை மட்டும் ஒன்றியப் பிரதேச அரசு தனியாக விதிக்கிறது, அது தமிழ்நாட்டைவிடக் குறைவு. அதனால் விலையில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் தள்ளுபடி அல்ல. தமிழ்நாட்டுக்கு இன்னும் கட்டாத லைஃப் டாக்ஸ் (வண்டிக்கு ஒரேமுறையாகக் கட்டும் வாகன வரி) அது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ குடியிருப்பவர் அந்த வண்டியை வாங்கினால், அந்த வரி அவர் வாசலுக்கு வந்து சேரும்.

பாண்டி வண்டி

பிஒய் 01 புதுச்சேரி, பிஒய் 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். எந்த எண்ணாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: ஆர்சி-யில் உள்ள முகவரியில் உரிமையாளர் உண்மையாகவே குடியிருந்தாரா? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 40-ஆம் பிரிவுப்படி, உரிமையாளரின் வீடோ தொழிலிடமோ இருந்து, வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வரியை மிச்சம் பிடிக்க யாரோ ஒருவருடைய வாடகை வீட்டு முகவரியைக் காட்டிப் பதிந்த வண்டிகள் உண்டு. 2017-இல் கேரளத்தில் இது பெரிய விவகாரமாகி, புதுச்சேரிப் பதிவுள்ள சொகுசு கார்கள் மீது குற்றப்பிரிவு விசாரணை வரை போனது. பொய்யான விவரம் தந்து பெற்ற பதிவை 55-ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். ரத்தாகும்போது வண்டி உங்கள் கையில் இருக்கும். பொய் சொன்னவர் பணத்தோடு போயிருப்பார்.

வாங்கியபின் மூன்று வழிகள் சொல்லப்படும்.

முதலாவது, "பாண்டியிலேயே உங்க பேருக்கு மாத்தித் தர்றேன், அட்ரஸ் ப்ரூஃப் நான் பாத்துக்கிறேன்" என்பது. இதற்கு ஒப்புக்கொண்டால் பொய் ஆவணத்தைப் பயன்படுத்தியவர் நீங்களே ஆகிறீர்கள். விஷயம் வரி பாக்கியோடு நிற்காது. பாரதிய நியாய சம்ஹிதாவின் போலி ஆவணப் பிரிவுகளும் சேரும்.

இரண்டாவது, பேர் மாற்றாமல் விற்றவர் பெயரிலேயே ஓட்டுவது. மூன்றில் மிக ஆபத்தான முடிவு இதுதான் என்பது எங்கள் கருத்து. விபத்தில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு, 157-ஆம் பிரிவின்படி வண்டியோடு சேர்ந்து வரும். உங்கள் வண்டிக்கான சேத இழப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், திருச்சி ரோட்டில் மாடு குறுக்கே வந்து முன்பக்கம் நொறுங்கினாலும் கம்பெனி கையை விரித்துவிடும். விற்றவருக்கும் நிம்மதி இல்லை. கைமாறிக் கைமாறிப் போன வண்டியானாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது, என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, வண்டியைத் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றுவது. சட்டப்படியான வழி இது ஒன்றுதான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் "ஒரு வருஷம் ஓட்டலாம்" என்ற பேச்சு. 47-ஆம் பிரிவில் 12 மாதக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது வண்டியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுவந்து வைத்திருப்பவர் புது எண் பெறுவதற்கான கெடு. விலைக்கு வாங்கியவருக்கு 50-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது: 30 நாளுக்குள் தன் ஊர் ஆர்டிஓ-வில் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பாண்டியில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த வண்டியோடு ஊர் திரும்பியவருக்குள்ள சலுகை, கானாடுகாத்தானில் உட்கார்ந்து பாண்டி வண்டி வாங்கியவருக்குக் கிடையாது.

எண் மாற்றும் வேலை இந்த வரிசையில் நடக்கும். விற்பவர் புதுச்சேரி அலுவலகத்தில் படிவம் 28-ஐ, சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சோடு கொடுத்து என்ஓசி வாங்க வேண்டும். கடன் இருந்தால் அதற்கு முன்பே வங்கிக் கடிதமும் படிவம் 35-உம் கொடுத்து எச்பி (ஆர்சி-யில் உள்ள கடன் பதிவு) நீக்கப்பட வேண்டும். கடன் முடிந்தும் ஆர்சி-யில் எச்பி நீக்காமல் விட்ட வண்டிகள்தான் இங்கே அதிகம் மாட்டுகின்றன. பிறகு இங்கே படிவம் 27, 29, 30, லைஃப் டாக்ஸ், பிரேக் இன்ஸ்பெக்டர் முன் வண்டியைக் காட்டுவது, கடைசியில் புது நம்பர் பிளேட். சேஸிஸ் எண் துருவில் மங்கியிருந்தால் இன்ஸ்பெக்டர் ஏற்கமாட்டார். கடலோரத்தில் நின்ற பாண்டி, காரைக்கால் வண்டிகளில் இதை முன்கூட்டியே துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி வரி. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதுக் காருக்கு லைஃப் டாக்ஸ் 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வேறு மாநில வண்டிக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும். ஆனால் கணக்குப் போடுவது வண்டி புதிதாக விற்ற விலையின் மேல்தான், நீங்கள் தந்த விலையின் மேல் அல்ல. 12 லட்சத்துக்கு விற்ற கார் புதிதாகவே இங்கே பதிந்திருந்தால் வரி 2,16,000 ரூபாய். அதையே நீங்கள் இப்போது 6 லட்சத்துக்கு வாங்கினாலும் அடிப்படை 12 லட்சம்தான். வயதுக் கழிவு போக வரும் தொகையை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, அட்வான்ஸ் கொடுக்குமுன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு என்ஓசி செலவு, பிளேட், இரண்டு மூன்று முறை புதுச்சேரி போய்வரும் செலவு. இவையெல்லாம் போக மிச்சம் 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் டிஎன் 63 வண்டியே மேல்.

உள்ளூர் வண்டி

லைஃப் டாக்ஸ் கட்டி முடிந்தது, என்ஓசி தேவையில்லை, படிவம் 29-உம் 30-உம் போதும். வரியில் வில்லங்கம் இல்லை. செட்டிநாட்டில் வில்லங்கம் வேறு பக்கத்திலிருந்து வரும்: உரிமையாளர் ஊரில் இல்லை, அல்லது உயிரோடு இல்லை.

பெரிய வீட்டின் ஷெட்டில் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து ஓட்டிய கார், மீட்டரில் 30,000 கூட ஓடியிருக்காது. பார்த்தால் ஆசை வரும். ஆர்சி அப்பச்சி பெயரில் இருக்கும். அவர் இறந்து நான்கு வருஷம் ஆகியிருக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 56-இன்படி, இறந்த 30 நாளுக்குள் வாரிசு தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். அது நடக்காத வண்டியை, இறந்தவர் கையெழுத்திட்டு வைத்த பழைய படிவத்தைக் கொண்டு மாற்றித் தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாருடைய சம்மதமும் வேண்டும். ஒரு மகன் சென்னையில், ஒரு மகள் சிங்கப்பூரில் என்றிருந்தால் அதற்கே மாதங்கள் ஆகும். முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாறட்டும், பிறகு வாங்கலாம்.

ஷெட்டில் நின்ற வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. 15 ஆண்டு முடிந்தால் ஆர்சி காலாவதி. படிவம் 25, தகுதிச் சோதனை, பசுமை வரி எல்லாம் வாங்குபவர் தலையில் விழும். ஓடாமல் நின்ற டயரும் பிரேக்கும் அந்தச் சோதனையில் தேறாது.

பிஎச் எண்ணும் பிற மாநில வண்டிகளும்

சிக்ரி (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) விஞ்ஞானிகள், மத்திய அரசு வங்கி அலுவலர்கள் மாற்றலாகிப் போகும்போது பிஎச் எண் (மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பாரத் வரிசை) கார்கள் இங்கே விற்பனைக்கு வருகின்றன. 2021-இல் தொடங்கிய இந்த வரிசையில் வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டுவார்கள். விலை குறைவாகத் தெரிய அதுவே காரணம். வாங்குபவர் அரசு ஊழியராகவோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனத்தில் வேலை பார்ப்பவராகவோ இருந்தால் அதே எண்ணைத் தொடரலாம். கடை வைத்திருப்பவரும் விவசாயியும் தொடர முடியாது. தமிழ்நாட்டு எண்ணுக்கு மாறி லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். உரிமையாளர் ஊரில் இருப்பார், ஆவணங்கள் சுத்தமாக இருக்கும் என்பதால் பாண்டி வண்டியைவிட இது எங்களுக்கு நம்பகமாகத் தெரிகிறது.

டெல்லி டீசல் கார்கள் மலிவாக வருவதற்கு வரி காரணமல்ல. அங்கே 10 ஆண்டு கடந்த டீசலுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2014-15-இல் விதித்த தடையே காரணம். பதிவு நீக்கப்பட்ட வண்டிக்கு ஆர்சி கையில் இருந்தும் பயனில்லை. வாகன் தளத்தில் (ஒன்றிய அரசின் வாகனப் பதிவு இணையதளம்) நிலையைப் பார்க்காமல் லாரியில் ஏற்றச் சொல்லாதீர்கள்.

வரியில்லாமல் வந்த வெளிநாட்டு வண்டி

சிங்கப்பூரில் ஒரு கார் ஓடுவதற்கான உரிமம் 10 ஆண்டுக்குத்தான். காலம் முடியும்போது நல்ல கார்கள் அடிமாட்டு விலைக்குப் போகும். அங்கே உறவு உள்ள குடும்பங்களில் "ஒண்ணு அனுப்பேன்" என்ற பேச்சு வரும். அது நடக்காது. இந்தியாவுக்குள் வரும் பழைய கார் தயாரித்து மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது, வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறங்க வேண்டும். தூத்துக்குடியில் இறக்கியதாகச் சொல்லும் பழைய காருக்கு அங்கேயே கதை முடிந்தது. பயணிகளுக்கான சாமான் சலுகையிலும் மோட்டார் வாகனம் சேராது. வரிகளைக் கூட்டினால் வண்டி விலையைத் தாண்டும்.

மலேசியாவின் லங்காவி கதையும் இதே போன்றதுதான். 1987 முதல் அது வரியில்லாத் தீவு. அங்கே வரியின்றி வாங்கிய காரைப் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ நிரந்தரமாகக் கொண்டுபோக வேண்டுமானால் சுங்க வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். மலேசியாவில் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

உள்நாட்டில் ஏற்கெனவே ஓடும் இறக்குமதிக் கார் என்றால் பில் ஆஃப் என்ட்ரியும் (சுங்கத்துறையில் தாக்கல் செய்த இறக்குமதி ஆவணம்) வரி கட்டிய ரசீதும் அசலில் வேண்டும். தூதரக ஊழியர் போன்றோர் சலுகையில் கொண்டுவந்த வண்டியை நிபந்தனை மீறி விற்றால், சுங்கச் சட்டம் 1962-இன் 111-ஆம் பிரிவு வண்டியைப் பறிமுதல் செய்ய இடம் தருகிறது. "தெரியாமல் வாங்கினேன்" என்பது வண்டியைக் காப்பாற்றாது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'நும்கோர்' நடவடிக்கையில், பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சொல்லப்பட்ட பழைய சொகுசு வண்டிகளைப் பல வீடுகளிலிருந்து எடுத்துப் போனது. இந்த வகையைக் காரைக்குடியில் யாருக்கும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பணம் கொடுக்கும் வரிசை

தரகர் மூலம் வாங்கினால் முதலில் படிவம் 29பி அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிக்கு அது கட்டாயம். வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதற்குப் படிவம் 29சி இருக்கும். இரண்டும் இல்லாதவரிடம் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள்.

பாண்டி வண்டிக்கு அட்வான்ஸ் 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பெரும்பகுதியை என்ஓசி அசல் கைக்கு வந்து, அதை வாகன் தளத்திலும் பார்த்த பிறகு கொடுங்கள். 50,000 ரூபாயாவது தமிழ்நாட்டு எண் கிடைக்கும்வரை உங்களிடமே இருக்கட்டும். முதல் மாநிலத்தில் மீதி வரி திரும்பக் கிடைத்தால் அது பழைய உரிமையாளர் பெயருக்கே போகும். அது யாருக்குச் சேரும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். வண்டி கைமாறும் தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அதற்கு முந்தைய அபராதச் சலான்கள் விற்றவர் கணக்கு. புது எண் வந்த அன்றே இன்சூரன்ஸிலும் ஃபாஸ்டேக்கிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். பழைய எண்ணிலேயே ஃபாஸ்டேக் இருந்தால் லெம்பலக்குடி டோலில் வண்டி நிற்கும்.