ஈயத்தை எங்கே தேடுவது: குழாயிலா, குழந்தையின் ரத்தத்திலா?

ஒரு பகுதியில் ஈய நச்சு பரவியிருக்கிறதா என்று பார்க்கப் பொது சுகாதாரத் துறைக்கு முக்கியமாக இரண்டு வழிகள். தண்ணீர், மண், பெயின்ட், வீட்டுத் தூசி ஆகியவற்றில் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். அல்லது குழந்தைகளின் ரத்தத்தைச் சோதிக்கலாம். நிதி அளவாக இருக்கும்போது எதற்கு முதலிடம் என்ற கேள்வி வந்தே தீரும். என் பதில், சூழலுக்குத்தான்.

முதலில் ரத்தத்தின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சாதாரணமானதல்ல. ஈயம் எந்த வழியாக உடலுக்குள் போனாலும் ரத்தத்தில் தென்படும். அதனால் யாரும் சந்தேகப்படாத மூலத்தைக்கூட அது காட்டிக்கொடுக்கும். வங்கதேசக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன ஆய்வாளர்கள், நிறம் தூக்கலாகத் தெரிய சமையல் மஞ்சளில் சேர்க்கப்பட்ட லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தில் போய் நின்றார்கள். ஈயத்தின் ஐசோடோப்பை, அதாவது எடையில் சற்றே வேறுபடும் அதன் அணு வகைகளின் விகிதத்தை, ஒப்பிட்டு 2019இல் அதை உறுதிசெய்தார்கள். தண்ணீரையும் மண்ணையும் மட்டும் அளந்துகொண்டிருந்தால் மஞ்சள் டப்பாவை யார் திறந்து பார்த்திருப்பார்கள்?

ஆனால் ரத்தம் சீக்கிரம் மறந்துவிடும். அதில் ஈயத்தின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் ஒரு மாதம்தான். எலும்புக்குள் போன ஈயமோ பல வருடங்கள் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால் தாமதமாக எடுத்த ரத்தம் நல்ல செய்தி சொன்னால் அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. வாஷிங்டன் நகரில் இதுதான் நடந்தது. கிருமிநீக்க வேதிப்பொருளை மாற்றியதும் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து தண்ணீரில் ஏறியது. 2004இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி, ஈயம் மிக அதிகமாக இருந்த வீடுகளில் வசித்தவர்களைச் சோதித்து, யாருக்கும் ரத்தத்தில் அபாய அளவு இல்லை என்றது. அவர்களில் பலர் அதற்கு முன்பே பாட்டில் தண்ணீருக்கும் வடிகட்டிக்கும் மாறியிருந்தார்கள். 2010இல் நாடாளுமன்றக் குழு ஒன்று அந்த அறிக்கையைக் கடுமையாகச் சாடியது. இடைப்பட்ட வருடங்களில் எத்தனை பெற்றோர் அதை நம்பியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் இன்னொரு சிக்கல். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாவிட்டால், தோலில் ஒட்டிய தூசியின் ஈயமும் துளியோடு சேர்ந்துவிடும். அளவு கூடுதலாக வந்தால் கையின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி பார்த்தாக வேண்டும்.

சரி, சூழல் மாதிரி மட்டும் பொய் சொல்லாதா? சொல்லும், எடுப்பவர் கையில்தான் இருக்கிறது. தண்ணீர் குறைந்தது ஆறு மணி நேரம் குழாயில் தேங்கியிருக்க வேண்டும், பிறகு திறந்ததும் வரும் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. முந்தின இரவே குழாயைத் திறந்து ஓடவிட்டாலும், முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றினாலும், குறுகிய வாய் பாட்டிலில் மெதுவாகப் பிடித்தாலும் ஈயம் குறைவாகக் காட்டும். இந்த மூன்றையும் தவிர்க்கச் சொல்லி அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2016இல் அறிவுறுத்தியது, அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் குடிநீரில் ஈயம் கலந்த விவகாரம் வெடித்த பிறகு.

ஃபிளின்டில் இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று துணை நின்றன. 2014 ஏப்ரலில் நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது, அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை. அடுத்த வருடம் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழு வீடு வீடாக எடுத்த மாதிரிகளில் ஈயம் தெரிந்தது. அப்புறம் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா குழந்தைகளின் ரத்தச் சோதனை முடிவுகளைப் பார்த்தார். அஞ்சல் குறியீட்டை வைத்துப் பிரித்தால், ஃபிளின்ட் முகவரி இருந்தும் அந்தத் தண்ணீரைக் குடிக்காத வெளிப்பகுதிக் குழந்தைகளும் சேர்ந்து கணக்கு நீர்த்துப்போகிறது. வீட்டு முகவரிப்படி வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் இருந்த ஐந்து வயதுக்குட்பட்ட நகரக் குழந்தைகள், தண்ணீர் மாறுவதற்கு முன்பிருந்த 2.4 சதவீதத்திலிருந்து மாறிய பிறகு 4.9 ஆகியிருந்தார்கள். தண்ணீரில் ஈயம் அதிகமாக இருந்த பகுதிகளில் 4.0இலிருந்து 10.6. தண்ணீர் அறிக்கையை மறுத்துக்கொண்டிருந்த அதிகாரிகளை இறங்கிவரச் செய்ததில் இந்த எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியும் என் ஓட்டு மாறவில்லை. ரத்தத்தில் எண் ஏறும்போது பாதிப்பு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, பழைய ஈயக் குழாய் இருப்பது தெரிந்த இடத்தில் குழந்தையையே அளவுகோலாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே குழாயைச் சோதித்து மாற்றுவதற்கு முதல் காசு போகட்டும். மூலம் தெரியாத இடத்திலும், மாற்றிய பிறகு பலன் கிடைத்ததா என்று பார்க்கவும் ரத்தம் எடுக்கலாம். ரத்தத்தில் குறைவாக இருக்கிறது என்று காட்டித் தண்ணீர்ச் சோதனையை நிறுத்தச் சொன்னால், ரத்தம் எடுத்த தேதியையும் அதற்கு முந்தைய மாதங்களில் அவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதையும் முதலில் கேளுங்கள்.