கொத்தவால்சாவடியில் மாத மளிகை வாங்கினால் மிச்சமாகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருப்பு, உளுந்து, மிளகாய், புளி, பூண்டு, மிளகு, சீரகம் வாங்கச் சென்னை ஜார்ஜ் டவுனில் இருக்கும் மொத்தச் சந்தையான கொத்தவால்சாவடிக்குப் போகலாம், லாபம்தான். எண்ணெய், சோப்பு, பிஸ்கட், டீத்தூளுக்காக அங்கே போக வேண்டாம். தனியாகப் போனால் சுமாரான மிச்சம். நாலு வீடு சேர்ந்து வாங்கினால்தான் மொத்த விலையின் பலன் கைக்கு வரும்.

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாமியார், காலேஜ் போகும் மகள், பத்தாவது படிக்கும் மகன் என்று ஐந்து பேர். 2021-ல் மளிகைக்கு 4,500 ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் ஓடிவிடும். இப்போது அதே சாமானுக்கு 7,000 ரூபாய் ஆகிறது. லாரிச் சம்பளமும் தையல் கூலியும் அந்த வேகத்தில் ஏறவில்லை. வாடகையிலோ காலேஜ் ஃபீஸிலோ நாம் கை வைக்க முடியாது. சிலிண்டர் சென்னையில் 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு ஆனபோது யாரிடம் போய்ப் பேரம் பேசுவது? குறைக்க இடம் இருப்பது மளிகை லிஸ்டில் மட்டும்தான். வயிற்றைக் குறைக்காமல் செலவைக் குறைக்க வழி தேடியபோதுதான் கொத்தவால்சாவடி பக்கம் போக ஆரம்பித்தேன்.

காய்கறி மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு அங்கே என்ன இருக்கிறது என்று எங்கள் தெருவிலேயே பலர் கேட்கிறார்கள். மளிகை இருக்கிறது. கன்னிகா பரமேஸ்வரி கோயில் பக்கத்துத் தெருக்களில் மூட்டை மூட்டையாகப் பருப்பும் மிளகாயும் இறங்குகின்றன. சந்து குறுகல். மீன்பாடி வண்டியும் தள்ளுவண்டியும் ஸ்கூட்டரும் ஒரே நேரத்தில் நுழையும், "ஓரம், ஓரம்" என்று குரல் வந்தால் உடனே ஒதுங்கிவிட வேண்டும். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் திறப்பதில்லை. எங்களுக்கு ஒத்துவருவது வார நாளில் பதினோரு மணி வாக்கில். காலையில் லோடு இறக்கும் அவசரம் அப்போது கொஞ்சம் தணிந்திருக்கும், கேட்டால் நின்று பதில் சொல்வார்கள்.

துவரம் பருப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் லிஸ்டில் அதிகம் ஆட்டம் காட்டியது அதுதான். 2023-ல் மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தது. 2024 கோடையில் எங்கள் தெருக்கடையில் கிலோ 180 ரூபாயைத் தாண்டியது. அப்புறம் தான்சானியா, மொசாம்பிக், மியான்மரிலிருந்து வரியில்லாமல் இறக்குமதி ஆனதும், புது விளைச்சலும் சேர்ந்ததும் விலை இறங்கியது. மொத்தக் கடையில் இந்த இறக்கம் சீக்கிரம் தெரிகிறது. தெருக்கடையில் பழைய விலைக்கு வாங்கிய சரக்கு தீரும்வரை பழைய விலைதான், அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. எங்களுக்கு இப்போது இரண்டு இடத்துக்கும் நடுவே கிலோவுக்கு 15 முதல் 20 ரூபாய் வரை வித்தியாசம் நிற்கிறது.

விலையைக் கேட்கும் முன்னால் எந்த ஊர்ப் பருப்பு என்று கேளுங்கள். குல்பர்கா, லத்தூர், வெளிநாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்வார்கள். எங்கள் வீட்டுச் சாம்பாருக்குக் குல்பர்கா பருப்புதான் பிடித்திருக்கிறது, சீக்கிரம் குழைகிறது. ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். துவரம் பருப்பு உருண்டையாக இருக்கும். ஒரு பக்கம் சாய்ந்து ஆப்பு மாதிரி இருப்பது கேசரிப் பருப்பு. அது கண்ணில் பட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள், தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. மிளகில் பப்பாளி விதை கலப்பதும் உண்டு. வீட்டுக்கு வந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும், நல்ல மிளகு அடியில் உட்காரும்.

ஒரு கடையில் எனக்குக் கோபம் வந்தது. முன்னால் திறந்து வைத்திருந்த மூட்டையைக் காட்டி விலை பேசினார்கள். எடை போட்டது உள்ளே இருந்த வேறு மூட்டையிலிருந்து. நொய்யும் தூசியுமாக இருந்தது. அங்கேயே கொட்டச் சொல்லிப் பார்த்ததால் தப்பித்தோம். மாற்றித் தர மறுத்தார்கள், பணத்தைத் திருப்பி வாங்கவே கால் மணி நேரம் சண்டை போட வேண்டியிருந்தது. ஐந்து கிலோ வாங்க வரும் பெண்கள்தானே என்ற எண்ணம். அந்தக் கடைக்கு நாங்கள் மறுபடி போகவில்லை. எந்தக் கடையானாலும் நீங்கள் பார்த்த மூட்டையிலிருந்தே அள்ளச் சொல்லுங்கள், தராசில் எண் தெரியும் பக்கம் நில்லுங்கள்.

மொத்த விலையின் பெரிய சிக்கல், அதற்குக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். தினக்கூலி வரும் வீட்டில் 10 ரூபாய்க்குக் கடுகு, 20 ரூபாய்க்கு மிளகாய்த்தூள் என்றுதான் வாங்க முடியும். கிராம் கணக்குப் பார்த்தால் அவர்கள்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். இது எனக்கு மனசு ஆறாத விஷயம். எங்கள் கட்டடத்தில் நாங்கள் நாலு வீட்டுக்காரிகள் இதற்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதம் 15-ஆம் தேதி வாக்கில் கணக்கில் ஏறும். 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது அந்தப் பணம் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது வந்ததும் நாலு பேரும் மளிகைக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். முறை வைத்து இரண்டு பேர் போகிறோம். போகும்போது சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வரும்போது சுமை இருப்பதால் ஆட்டோ, ஏறக்குறைய 200 ரூபாய், வீட்டுக்கு 50.

தனியாகப் போய் அரை கிலோ கேட்டால் பல கடைகளில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். "அஞ்சு கிலோவுக்குக் கீழே இல்லமா" என்று ஒரே வார்த்தை. அதே கடையில், "அண்ணே, பன்னிரண்டு கிலோ எடுக்கிறோம், நாலாப் பிரிச்சுக் கட்டித் தாங்க" என்றால் உட்கார ஸ்டூல் போடுகிறார்கள். ஆட்டோவைக் கழித்தும் வீட்டுக்கு மாதம் 250 ரூபாய் மிஞ்சுகிறது. இவ்வளவுதானா என்று கேட்கலாம். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். 250 ரூபாய் என்றால் பன்னிரண்டு பாக்கெட். பால் வாங்குவதை நிறுத்தலாமா என்று நாங்கள் யோசித்த மாதங்கள் உண்டு.

எதை எப்போது வாங்குவது என்பதில்தான் இன்னும் பெரிய மிச்சம் இருக்கிறது. தை பிறந்தால் புதுத் துவரை வரும். மாசி, பங்குனியில் புது மிளகாயும் புதுப் புளியும் வரும், பூண்டும் கிட்டத்தட்ட அந்தச் சமயம்தான். 2024-ல் பூண்டு கிலோ 400 ரூபாய் வரை போனது நினைவிருக்கும். விலை இறங்கும் நேரத்தில் பூண்டை வாங்கிக் காற்றாடத் தொங்கவிட்டால் சில மாதம் தாங்கும். மிளகாயில் ராமநாதபுரம் குண்டு, குண்டூர் நீட்டு மிளகாய் என்று கலந்து வாங்குகிறோம். குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயரைச் சொல்லி வேறு ஊர் மிளகாயையும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். காம்பு கிள்ளி, தனியா, விரலி மஞ்சள், மிளகு, சீரகம், வெந்தயம், கொஞ்சம் துவரம் பருப்பு எல்லாவற்றையும் மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து மில்லில் கொடுத்து அரைத்தால் ஒரு வருடக் குழம்புக்குக் கவலை இல்லை. பாக்கெட் மிளகாய்த்தூளை விடச் செலவு நன்றாகவே குறைகிறது, மணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவாட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தால் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு மீன் விலை எங்களுக்கு எட்டாது. அந்த 61 நாளும் எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடும் முட்டையும்தான்.

அங்கே வாங்காதவை பற்றி. எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பது 2011-ன் உணவுப் பாதுகாப்பு விதிகள்படி கூடாது, ஆனாலும் கேட்டால் ஊற்றித் தரும் இடம் இருக்கிறது. என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பாக்கெட் எண்ணெய் விலையை இறக்குமதி வரியும் நிறையவே ஆட்டுகிறது. 2024 செப்டம்பரில் வரியைக் கூட்டினார்கள், எல்லாக் கடையிலும் ஏறியது. அதனால் அலைந்து பயனில்லை, தெருவிலேயே வாங்குங்கள், ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம். அதே உயரத்தில், அதே நிறத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டும் வருகிறது. ஒரு கிராமுக்கு எவ்வளவு விலை என்று இப்போது அச்சடிக்கிறார்கள், அந்தச் சின்ன எழுத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். குளியல் சோப்பு, ஷாம்பூ, பற்பசைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, அந்த விலை எங்கும் ஒன்றுதான்.

அரிசிக்கும் அவ்வளவு தூரம் போவதில்லை. 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத வரி வந்தது, அதிலிருந்து தப்பிக்கவே 26 கிலோ மூட்டைகள் வந்தன. எங்கள் தெரு அண்ணாச்சியே அதை வீட்டு வாசலில் இறக்கித் தருகிறார். மூட்டையிலிருந்து அள்ளித் தரும் பருப்புக்கும் இந்த வரி இல்லை, பிராண்ட் பாக்கெட்டுக்கு உண்டு.

ரேஷன் கடையை விட்டுவிடாதீர்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 ரூபாய். இந்த விலைக்கு எந்த மொத்தக் கடையும் கிட்டே வர முடியாது. புழுங்கலரிசி இலவசம், நன்றாகக் களைந்து ஊறவைத்தால் இட்லி மாவுக்கு அதுவே போதும். முதலில் ரேஷனில் கிடைப்பதை லிஸ்டில் அடித்துவிட்டு, மீதியை எழுதிக்கொண்டுதான் நாங்கள் கொத்தவால்சாவடிக்குக் கிளம்புகிறோம். அண்ணாச்சி கடையையும் விட மாட்டோம். லாரி ஓடாத மாதத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தவர் அவர்தான்.

கொத்தவால்சாவடி வியாபாரிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அன்றைய விலையை ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்வது புதிதாக வருகிறவர்களை விரட்டுகிறது. அப்புறம் ஒரு கிலோ, அரை கிலோ கேட்பவர்களுக்கும் கொடுங்கள், இரண்டு ரூபாய் கூட வைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை.

எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டுப் பாட்டி ஒருவர் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயில் தனியாக இருக்கிறார். அவருக்கு மாதம் அரை கிலோ பருப்பு, கால் கிலோ பூண்டு, 50 கிராம் மிளகு போதும். மொத்தக் கடையில் அந்த அளவு தர மாட்டார்கள், தெருவில் வாங்கினால் சின்னப் பாக்கெட் விலை. இப்போது எங்கள் லிஸ்டில் அவர் பெயரையும் ஐந்தாவதாக எழுதுகிறோம். நாங்கள் வாங்கிய விலைக்கே அளந்து கொடுக்கிறோம், ஆட்டோவுக்கு அவரிடம் வாங்குவதில்லை.