முந்நூறு ரூபாய்த் தராசும் நான்கு பூனைக்குட்டிகளும்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

வீட்டுப் பூனை சினையாக இருக்கிறது என்று தெரிந்தவுடன் வாங்கிக் குவிப்பதற்கு இணையக் கடைகளில் பொருட்களுக்குப் பஞ்சமில்லை. மெத்தை, கூடாரம், பால்பவுடர், விரல் நீளப் பால்புட்டி, சூடேற்றும் விரிப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் சிலவற்றுக்குப் பயன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு குட்டியின் உயிரைக் காப்பாற்றியது இவற்றில் எதுவும் அன்று. பூனைகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, கேக் செய்பவர்களுக்காக விற்கப்படும் ஒரு டிஜிட்டல் சமையலறைத் தராசு. அதன் நிறைகுறைகளை, அது எந்த வேலைக்காக எங்கள் வீட்டுக்கு வந்ததோ அந்த வேலையை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

எங்கள் பூனை மீனுவுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்வதற்கு நாள் குறிக்கச் சென்றபோதுதான், அது ஏற்கெனவே சினையாகிவிட்டது என்று மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னார். ஸ்கேனும் அதையே உறுதி செய்தது. பெண் பூனைகள் சில நான்கு மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடும் என்பதும், சினைக்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான் என்பதும் அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. தெருவில் திரியும் செம்பட்டைக் கடுவன்மீது அம்மா நெடுநாளாகக் கொண்டிருந்த சந்தேகத்துக்கு அதன் பிறகு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. என்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டதற்கு மருத்துவர் சொன்ன முதல் பொருளே ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு. அட்டைப்பெட்டியும் பழைய பருத்தித் துணியும் எந்த வீட்டிலும் இருக்கும், தராசு இருக்காது என்றார்.

நாங்கள் வாங்கியது பல பெயர்களில், ஒரே தோற்றத்தில் விற்கப்படும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தராசு. விலை முந்நூறு ரூபாயை ஒட்டியது. பத்து கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. இரண்டு பென்சில் பேட்டரிகளில் ஓடுகிறது, மூன்றே பொத்தான்கள். இந்த வேலைக்கு வீட்டிலிருக்கும் வேறு தராசு உதவாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் ஏறி நிற்கும் எடை இயந்திரம் நூறு நூறு கிராமாகத்தான் நகரும். பிறந்த பூனைக்குட்டியின் முழு எடையே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், அதன் கணக்கில் குட்டி இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. நகை நிறுக்கும் கையடக்கத் தராசோ மிகத் துல்லியமானது என்றாலும், அரைக் கிலோவுக்கு மேல் தாங்காத வகைகளே மலிவாகக் கிடைக்கின்றன. குட்டி ஒரு மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

வந்த பொருள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் படிக்கல் தேடி அலைய வேண்டியதில்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏழே முக்கால் கிராமுக்குச் சற்றே குறைவு என்பதால், பத்து நாணயங்களை அடுக்கி வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். எங்கள் தராசு அவ்வாறே காட்டியது. நாணயங்களை நடுவிலிருந்து தட்டின் ஓரத்துக்கு நகர்த்தியபோது ஒரு கிராம் கூடிற்று. அதனால் எப்போதும் நடுவில் வைத்தே நிறுத்தோம். ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். குட்டியின் உண்மையான எடை 98 கிராமா 99 கிராமா என்பது இங்கே முக்கியமில்லை. நேற்று காட்டிய அதே ஒழுங்கில் இன்றும் காட்டுகிறதா என்பதே முக்கியம். அந்தச் சோதனையில் இந்த மலிவுத் தராசு குறை வைக்கவில்லை.

பிறந்த குட்டி பெரும்பாலும் 80 முதல் 120 கிராம் வரை இருக்கும். முதல் நாளில் சற்று இறங்கினாலும், அதன் பிறகு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகிவிட வேண்டும். ஏறாமல் நின்றுவிட்ட எடைதான் நோய்க்கும் பசிக்கும் முதல் அடையாளம் என்றும், குட்டி சுருண்டு படுப்பதும் கத்துவதும் அதற்குப் பிறகே வரும் என்றும், அப்போது கையில் நேரம் மிச்சமிருக்காது என்றும் மருத்துவர் எச்சரித்திருந்தார்.

மீனு நான்கு குட்டிகள் போட்டது. முதல் நாள் எடை 101, 97, 94, 78. கடைசிக் குட்டிக்கு, நாணயங்களின் அடுக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் மகள் சுண்டெலி என்று பெயர் வைத்தாள். பழைய பள்ளி நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு எழுதியவளும் அவளே. இரண்டு குட்டிகள் அச்சடித்தாற்போல ஒரே கறுப்பாக இருந்ததால் அடையாளம் தேவைப்பட்டது. மை தடவினால் தாய் நக்கிவிடும், கழுத்தில் நூல் கட்டினால் ஆபத்து. ஒன்றுக்கு இடுப்பிலும் மற்றொன்றுக்குத் தோளிலும் சிறிது முடியைக் கத்தரித்துவிட்டோம்.

மறுநாள் சுண்டெலி 76. அதற்கடுத்த நாள் 79. அதற்கும் அடுத்த நாள் மீண்டும் இறங்கி 77. மற்ற மூன்றும் அதற்குள் 120-ஐ நெருங்கிக்கொண்டிருந்தன. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்வைக்கு அந்தக் குட்டியிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. உடன்பிறப்புகளோடு வரிசையில் படுத்திருந்தது, காம்பைக் கவ்வியிருந்தது, வாயும் அசைந்தது. குட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லக்கூடிய என் அம்மாவே, அதற்கு ஒன்றுமில்லை, சின்னதாகப் பிறந்தது சின்னதாகத்தான் இருக்கும் என்றார். நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மருத்துவருக்கு அனுப்பியபோது, அவர் குட்டியின் படத்தைக் கேட்கவே இல்லை. அந்த நான்கு வரிசை எண்களைப் பார்த்த மாத்திரத்தில், இதற்குப் பால் போதவில்லை, இன்றே தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

பெரிய குட்டிகளைச் சற்று நேரம் விலக்கிவிட்டுச் சுண்டெலியை மட்டும் தாயிடம் விடுவது, அதற்குமேல் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கரைத்துச் சிறு சிரிஞ்சில் துளித்துளியாகப் புகட்டுவது என்பது அவர் சொன்ன வழி. குப்புறப் படுத்த நிலையில்தான் புகட்ட வேண்டும், மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்றும், உடல் குளிர்ந்திருந்தால் முதலில் சூடேற்றிவிட்டே பால் தர வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுப் பசும்பாலையே தரலாமே என்ற அம்மாவின் யோசனை அங்கேயே நின்றது. பூனைப் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு, பசும்பாலைக் கொடுத்தால் குட்டிக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். அடுத்த நாள் 84, அதற்கடுத்த நாள் 91 என்று தராசு காட்டியபோது வீட்டில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் கிரிக்கெட் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். பால்பவுடர் டப்பாவில் பாதிக்குமேல் மிஞ்சிப்போயிற்று. விலையோ தராசைப் போலப் பல மடங்கு. சுண்டெலி இல்லாதிருந்தால் அந்த டப்பாவைத் திறந்திருக்கவே மாட்டோம் என்பதால், எடை இறங்கிய பிறகு வாங்கினால் போதும், ஆனால் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை முன்னரே விசாரித்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை, தானாக அணைந்துபோகும் வசதி. பேட்டரியை மிச்சப்படுத்த வைத்த ஏற்பாடு இது. மாவு நிறுப்பவருக்கு அது நல்லதாக இருக்கலாம். குட்டியை இட்டு நிறுக்கும் வெறும் டப்பாவைத் தட்டில் வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்தி, நான்காவது குட்டியைத் தாயின் அடிவயிற்றிலிருந்து பிரித்தெடுத்துக்கொண்டு வருவதற்குள் திரை இருண்டுவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டப்பாவின் எடையை அதன் வெளிப்புறத்தில் அழியாத மையால் எழுதி வைத்துக்கொண்டு, பொத்தானை நம்பாமல் கழித்துப் போடுவதே வழி. இரண்டாவது குறை, காட்டிய எண்ணை நிறுத்திவைக்கும் வசதி இல்லாதது. முதல் இரு வாரங்கள் குட்டிகள் ஊர்வதோடு சரி, எண் சட்டென்று நிலைபெறும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அவை எழுந்து நடக்கத் தொடங்கியதும், திரையில் 310, 342, 296 என்று எண்கள் ஆடத் தொடங்கிவிட்டன. ஆழமான பிளாஸ்டிக் டப்பாவும், திரையைக் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு அதிக நேரம் நின்ற எண்ணை எழுதிக்கொள்ளும் தந்திரமும் கைகொடுத்தன.

மூன்றாவதைக் குறை என்பதா வரம்பு என்பதா என்று தெரியவில்லை. பால் குடிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, எவ்வளவு குடித்தது என்று கண்டுபிடித்துவிடலாம் என்று என் மனைவி முயன்று பார்த்தாள். பச்சைக் குட்டி ஒரு வேளைக்குக் குடிப்பதே சில கிராம்தான். ஒரு கிராம் முன்பின்னாகக் காட்டும் தராசில் அந்தக் கணக்கு நிற்காது. நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் நிறுப்பதற்கு மட்டுமே இது தகுதியானது. மின்விசிறிக்கு அடியிலும் வைக்கக் கூடாது. அகலமான டப்பாவின்மீது படும் காற்றே எண்ணை ஆட்டிவிடும். மெத்தைமீதோ பாய்மீதோ வைத்தால் சொல்லவே வேண்டாம். தரையில், விசிறியை நிறுத்திவிட்டு என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டமாக இருந்தது. கோடைக்காலத் திருச்சியில் அந்தச் சில நிமிடங்களும் பெரிய தியாகம்தான்.

அந்த ஒரு நேரத்தையும் மீனு சாப்பிடப் போகும் நேரமாகவே வைத்துக்கொண்டோம். அடிக்கடி தொந்தரவு செய்தால் தாய்ப்பூனை குட்டிகளை வேறிடத்துக்கு மாற்றிவிடும். ஒருநாள் சாப்பாட்டை விரைவில் முடித்துத் திரும்பிய மீனு, டப்பாவுக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியைப் பிடரியில் கவ்வி எடுத்துக்கொண்டு நிதானமாகப் பெட்டிக்குள் போய்விட்டது. தராசு கழித்தல் குறியோடு எதையோ காட்டிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த என் மாமனார், தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல இறைவனே அடியாரைத் தூக்கிக் காப்பான் என்று வைணவர்கள் சொல்லும் மார்ஜார நியாயத்தை இத்தனை காலம் உபந்நியாசத்தில் கேட்டதுதான், கண்ணால் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். குட்டி போட்ட பூனையைப் போல அலைவதாக யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் மீனுவுக்குப் பொருந்தாது. அது பாட்டுக்குப் படுத்திருந்தது, அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்தவர் மாமனார்தான்.

சுத்தம் செய்வதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்தத் தராசு நீர் புகாதது அன்று. பொத்தான்களின் ஓரத்தில் ஈரம் இறங்கினால் கதை முடிந்தது. நோட்டுக்கு அட்டை போடும் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி ஒட்டிவிட்டால் குட்டிகளின் மூத்திரம் உள்ளே இறங்காது. துடைப்பதற்குச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். தரை துடைக்கும் பினாயிலை மட்டும் கிட்டத்தில் கொண்டுவரக் கூடாது. பீனால் வகைப் பொருட்கள் பூனைகளுக்கு நஞ்சு, பாதத்தில் பட்டதை அவை நக்கியே தீரும். ஒருமுறை பூனைக்குட்டி ஏறிய தராசு மீண்டும் சமையலறைக்குள் வர அம்மா இடம் தரவில்லை என்பதையும் வாங்குபவர்கள் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

குட்டிகள் பிழைத்துக்கொண்ட பிறகும் தராசுக்கு வேலை இருந்தது. நாக்குப்பூச்சி முதலிய புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே குட்டிகளுக்கு வந்துவிடுவதால், இரண்டு மூன்று வாரத்திலேயே குடற்புழு நீக்க மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தர வேண்டியிருக்கிறது. அதன் அளவு எடையைப் பொறுத்தது. மருத்துவர் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி எடை என்ன என்பதே. குட்டிகளுக்கு மட்டுமன்றி மீனுவுக்கும் இது பயன்பட்டது. பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கமான உணவைப் போல இரண்டு மூன்று பங்கு தேவைப்படும். குட்டிகளுக்கான உலர் உணவையே தாய்க்கும் தரச் சொன்னார்கள். அப்படித் தந்தும் மீனுவின் எடை இறங்கியபோது, எவ்வளவு கூட்டினால் போதும் என்பதைக் கூடையோடு நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தோம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மீண்டும் சினையாகிவிடக்கூடும் என்பதால் கதவுகள் அடைத்தே இருந்தன. குட்டிகள் பால் மறந்து, மடி வற்றிய பிறகு கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்தின் அளவைக் கணக்கிட அங்கே மறுபடியும் நிறுத்தார்கள். எங்கள் நோட்டிலிருந்த எண்ணுக்கும் அவர்கள் இயந்திரத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

வாங்க நினைப்பவர்களுக்கு: கிண்ணத்தோடு சேர்ந்து வரும் வகையைவிடத் தட்டையான வகையே நல்லது, ஏனெனில் உங்கள் டப்பாவை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். மேலே வைக்கும் டப்பா திரையை மறைக்காத அளவுக்குத் தட்டு தள்ளியிருக்க வேண்டும். கண்ணாடித் தட்டுள்ள அழகிய வகைகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. எண்ணை நிறுத்திவைக்கும் வசதியுள்ளது கிடைத்தால் நூறு இருநூறு கூடினாலும் அதையே வாங்குங்கள். உபரியாக ஒரு ஜோடி பென்சில் பேட்டரியும் வாங்கி வையுங்கள்; பேட்டரி தீரும் தறுவாயில் எண்கள் தடுமாறத் தொடங்குகின்றன, அதைக் குட்டியின் எடை இறக்கம் என்று நினைத்து நள்ளிரவில் மருத்துவரை எழுப்ப வேண்டாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். குறைத்த ஒன்று அந்தத் தானாக அணையும் திரைக்காக.