என்னுடைய "புதிய வேலை" பதிவை நம்பி யாரும் பணம் கட்டாதீர்கள்

ஜூலை மாதம் என் லிங்க்ட்இன் பக்கத்தில் "புதிய வேலையில் சேர்ந்திருக்கிறேன், வாய்ப்புக் கொடுத்த மேடத்துக்கு நன்றி" என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். இருநூறு பேருக்கு மேல் வாழ்த்துச் சொன்னீர்கள். கூடப் படித்தவர்கள், பழைய ஆபீஸ்காரர்கள், காலேஜில் எனக்குப் பாடம் எடுத்த சார் கூட. அந்த வேலை பொய். அந்த மேடமும் பொய். அந்தப் பதிவைப் பார்த்து அதே ஆளிடம் பேசிக்கொண்டிருப்பவர்கள் இப்போதே நிறுத்துங்கள். பணம் கட்டிவிட்டவர்கள் இதைப் படிப்பதை விட்டுவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் பண்ணுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எனக்கு ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில். கும்பகோணத்தில் பி.காம். முடித்து, சென்னையில் ஆறு வருஷம் அக்கவுண்ட்ஸில் இருந்தேன். சப்ளையர் பில் வந்தால் பி.ஓ. (நாங்கள் கொடுத்த ஆர்டர்), ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததற்கான சீட்டு), இன்வாய்ஸ் மூன்றையும் ஒத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் பேமெண்ட்டுக்கு அனுப்புகிற வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டில் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அம்மா ஒருத்தியால் அப்பாவையும் பார்த்துக்கொண்டு சாகுபடியையும் பார்க்க முடியாது. இங்கே அக்கவுண்ட்ஸ் தெரிந்தவளுக்கு ரைஸ் மில்லிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ டாலி என்ட்ரி போடுகிற வேலை கிடைக்கும். அந்தச் சம்பளம் அப்பாவின் மருந்துக்கும் பிசியோதெரபிக்குமே போய்விடும். அதனால்தான் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையாகத் தேடினேன்.

ப்ரொஃபைலை ஒரு வாரம் உட்கார்ந்து சரி பண்ணினேன். படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வருகிற "ஓப்பன் டு வொர்க்" போட்டேன். என்னைப் பற்றி எழுதுகிற இடத்தில், அப்பா உடம்பு முடியாமல் இருப்பதால் ஊருக்கு வந்துவிட்டேன், வீட்டிலிருந்து பார்க்கிற வேலை மட்டும்தான் வேண்டும், உடனே சேர முடியும் என்று எழுதி, போன் நம்பரையும் போட்டேன். உண்மையைச் சொன்னால் புரிந்துகொண்டு கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். என் அவசரம் எவ்வளவு, எதைச் சொன்னால் நான் இளகுவேன் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஏமாற்ற நினைத்தவர்களுக்கு வேறெங்கும் தேட வேண்டிய வேலையே இல்லை.

நாலாம் நாள் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. நான் நன்றி சொன்ன மேடம் இவள்தான். எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி இல்லை. நான் எந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம் இருந்தேன், என்ன சாஃப்ட்வேர் தெரியும் என்பதெல்லாம் சரியாக இருந்தது. "ஃபேமிலிய விட்டு வர முடியாத பொண்ணுங்களுக்காகத்தான் இந்த டீமையே ஆரம்பிச்சிருக்கோம்" என்று இருந்தது. பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய கம்பெனியின் எச்.ஆர். என்று அவள் பக்கத்தில் போட்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் பெயரை எழுதவில்லை.

மறுநாளே பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போனது. பிறகு வீடியோ காலில் இன்டர்வியூ. பாலிசிப்படி கேமரா போடக்கூடாதாம், குரல் மட்டும்தான். முக்கால் மணி நேரம் கேட்டாள். டி.டி.எஸ்ஸில் 194சி எதற்கு, 194ஜே எதற்கு, ஜி.எஸ்.டி.ஆர்-2பியோடு பர்ச்சேஸ் ரிஜிஸ்டர் ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் வரிக் கணக்குக் கேள்விகள். நிறையப் பேர் "ஏமாத்துறவன் ரெண்டு நிமிஷத்துல வேலை குடுத்துடுவான், அதுலயே தெரிஞ்சிடும்" என்கிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொன்னேன், திருத்தினாள். முடிக்கும்போது, "அப்பா இப்ப எப்படி இருக்காங்கம்மா? கைய அசைக்கிறாங்களா?" என்று கேட்டாள். வேலை தேடிய அந்த ஏழு மாதத்தில் அப்படி ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆஃபர் லெட்டரில் மாதம் 38,000 ரூபாய். நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. லெட்டரில் இருந்த 21 எழுத்து சி.ஐ.என்., அதாவது கம்பெனியின் பதிவு எண்ணைக் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். பெயர், முகவரி எல்லாம் சரியாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? கம்பெனிகள் தங்கள் லெட்டர்ஹெட்டில் சி.ஐ.என். போட்டாக வேண்டும் என்பது 2013 கம்பெனிகள் சட்டத்திலேயே இருக்கிறது. யாருடைய கண்ணிலும் படுகிற எண், யாரும் காப்பி அடிக்கலாம். நான் பார்த்திருக்க வேண்டியது மெயில் முகவரியை. கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு, "கேரியர்ஸ்" என்று சேர்த்த வேறொரு முகவரி அது. கம்பெனி பெயரைப் பார்த்ததும் என் கண் அதோடு நின்றுவிட்டது.

முதலில் பின்னணி சரிபார்ப்புக்கு 1,999 ரூபாய் கேட்டார்கள். அடுத்து லேப்டாப்புக்குத் திரும்பக் கிடைக்கிற டெபாசிட் 12,500. அந்த இரண்டாவது தொகை கட்டும்போது யு.பி.ஐ.யில் ஒரு தனி ஆள் பெயர் வந்தது. பில்லில் ஒரு பெயரும் அக்கவுண்டில் வேறு பெயரும் இருந்தால் பேமெண்ட்டை நிறுத்துவதுதான் ஆறு வருஷமாக நான் சம்பளம் வாங்கிய வேலை. கேட்டேன். "வென்டாரோட அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சும்மா, இது அவங்க பார்ட்னர்" என்றாள். ஆபீஸில் எந்த சப்ளையராவது இப்படிச் சொல்லியிருந்தால் அந்த பில்லை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். என் சொந்தப் பணத்தை அனுப்பினேன்.

மூன்றாவது 24,000, பாண்ட் என்றார்கள், முதல் சம்பளத்தோடு திரும்ப வந்துவிடும் என்றார்கள். கையில் இருந்தது மேட்டூர் திறந்து பாமணி ஆற்றில் தண்ணீர் வந்த உடனே குறுவை நாற்றுக்கும் உழவுக்கும் போய்விட்டது. அம்மா தன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். போன சம்பா நெல் போட்ட பணத்தில்தான் அதை சொசைட்டியிலிருந்து மீட்டிருந்தோம். திரும்பவும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன். மூன்றும் சேர்த்து 38,499 ரூபாய்.

இதுவரைக்கும் நடந்தது எனக்கு நடந்தது. இதற்கு அப்புறம் நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவு.

சேர்வதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியல் அனுப்பினாள். ப்ரொஃபைலில் "தற்போதைய நிறுவனம்" என்ற இடத்தில் இந்தக் கம்பெனியைப் போட வேண்டும். அவளை டேக் பண்ணி நன்றி சொல்லி ஒரு பதிவு. அதன் வாசகத்தை அவளே எழுதிக் கொடுத்தாள். அடுத்தது, வேலை தேடுகிற தெரிந்தவர்கள் மூன்று பேரின் பெயர். நல்ல காரியம்தானே என்று காலேஜ் ஜூனியர் மூன்று பேர் பெயரைக் கொடுத்தேன்.

லேப்டாப் கூரியரில் வருகிறது என்று ஒரு நம்பர் அனுப்பினார்கள். பத்து நாள் ஆகியும் அந்த நம்பருக்கு ஒன்றும் காட்டவில்லை. பதினோராவது நாள், நடவு ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருக்கும்போது போன் வந்தது. வலங்கைமான் பக்கத்துப் பெண், நான் பெயர் கொடுத்த மூன்று பேரில் ஒருத்தி.

"அக்கா, உங்களுக்கு லேப்டாப் வந்துடுச்சாக்கா? எனக்கு ரெண்டு நாளா டிராக்கிங்ல ஒண்ணுமே காட்டல."

எவ்வளவு கட்டினாய் என்று கேட்டேன். 14,499. மூன்று நாளைக்கு முன்னால்.

"வீட்ல வேணாம்னுதான்க்கா சொன்னாங்க. நீங்க சேந்துட்டீங்கன்னு உங்க போஸ்ட்டக் காட்டினேன். அப்பறம்தான் ஒத்துக்கிட்டாங்க."

டீ கேனை வரப்பிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே மன்னார்குடிக்குப் போய் கூரியர் ஆபீஸில் நம்பரைக் காட்டினேன். "இது எங்க நம்பரே இல்லம்மா, எங்களுக்கு இத்தன எழுத்து வராது" என்றார் அங்கிருந்த அண்ணன். அந்த உண்மையான கம்பெனியின் தளத்தில் இருந்த போன் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினேன். அப்படி ஒரு எச்.ஆர். இல்லை, வேலைக்கு எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை என்றார்கள். இந்த ஒரு போனை முதல் நாளே பண்ணியிருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பாவுக்கு இன்னும் வார்த்தை சரியாக வராது. மெதுவாக, "செயின் கெடக்கட்டும் பாப்பா. அந்தப் புள்ளைங்களுக்கு மொதல்ல சொல்லு" என்றார். மற்ற இரண்டு பேருக்கும் அப்போதே சொன்னேன். ஒருத்தர் பதிலே போட்டிருக்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பையன் மறுநாள் கட்டுவதாக இருந்தான்.

1930-ல் பேசும்போது பணம் போன தேதி, தொகை, யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், உங்கள் பேங்க் விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். போன் கிடைக்கவில்லை என்றால் cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம். அவர்கள் சொல்லி, பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மீதி இருப்பதை பேங்க் நிறுத்தி வைக்கும். அது மணிக்கணக்கில் கை மாறிக்கொண்டே போகிற பணம். நான் கட்டியதில் ஒரு ரூபாய் கூட நிற்கவில்லை. மூன்று நாளில் சொன்னதால் அந்தப் பெண்ணின் பணத்தில் 5,000 மட்டும் ஒரு கணக்கில் நின்றிருக்கிறது, இன்னும் கைக்கு வரவில்லை. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பணத்தோடு போகவில்லை. ஆதார், பான், கேன்சல் பண்ணிய செக், பழைய சம்பளச் சீட்டு எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. ஆதாரில் பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வைத்தேன். என் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், சிபில் மட்டுமில்லை, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க் மூன்றிலும் அப்படித்தான். இதுவரை ஒன்றும் இல்லை. மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவருடைய ப்ரொஃபைலில் "மோர்" என்பதைத் தட்டினால் "அபவுட் திஸ் ப்ரொஃபைல்" என்று வரும். அந்தக் கணக்கு எந்த மாதம், எந்த வருஷம் தொடங்கியது என்று அதில் இருக்கும். பன்னிரண்டு வருஷ அனுபவம் என்று போட்டிருந்தவளின் கணக்கு அந்த மே மாதம்தான் தொடங்கியிருந்தது. சரிபார்த்த அடையாளம் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனியின் பக்கத்தில் ஊழியர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்ததால்தான் நம்பினேன். அந்தப் பட்டியல் எப்படி வருகிறது என்று யோசித்திருந்தால் அதே வாரத்தில் எனக்குப் புரிந்திருக்கும். நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பதாக என் பக்கத்தில் போட்டபோது என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. போட்ட உடனே நானும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டேன். வலங்கைமான் பெண் பார்த்தது அதைத்தான்.

பச்சை வளையம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை தேடுவதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் அதை வைக்கலாம், அப்போது வளையம் வராது. இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். போன் நம்பரையும் அப்பாவைப் பற்றி எழுதியதையும் எடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர், துபாய் என்று தேடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். அவர்கள் வாங்கலாம் என்று வைத்திருக்கிற சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். டேட்டா என்ட்ரி வேலை, தாய்லாந்துக்கு டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு என்று யாராவது சொன்னால் கிளம்பாதீர்கள். அப்படிப் போன நம் பிள்ளைகள் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைபட்டு, இதே மாதிரி மற்றவர்களை ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் 14,499 ரூபாயை நான் மாதம் 2,000 வீதம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்றாள், அவள் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஜூலைப் பதிவை அழிக்க நினைத்தேன். அதற்கு முன்னால் அதில் வாழ்த்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இதை அனுப்பிவிட்டேன். கிடைக்காமல் விட்டுப்போனவர்களுக்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ரிப்போர்ட் பண்ணிய பிறகு அவள் கணக்கு காணாமல் போனது. போன வாரம் அதே படம் வேறு பெயரில், திருச்சியில் படித்ததாகப் போட்டு, எங்கள் காலேஜ்காரர்கள் நான்கு பேருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறது. நீலப் புடவை, பின்னால் புத்தக அலமாரி. உங்களுக்கும் வந்திருந்தால் ஏற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.