ஏர்பேக் வெடித்த ஐந்து வயதுக் காரா, பதினைந்து வயது வேகன் ஆரா?

எங்கள் வீட்டு மாருதி வேகன் ஆர் 2010 செப்டம்பரில் பதிவான கார். அதன் பதினைந்து ஆண்டுப் பதிவுக் காலம் 2025 செப்டம்பரோடு முடிவதால், எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து மேலும் ஐந்து ஆண்டுகள் ஓட்டுவதா, அதைக் கொடுத்துவிட்டு வேறு கார் வாங்குவதா என்ற பேச்சு ஜூன் மாதமே வீட்டில் தொடங்கிவிட்டது. கையில் இருந்த தொகை மூன்று லட்சம் ரூபாய். அந்தத் தொகைக்கு, நான் விரும்பிய வகையில், அண்மைக்கால மாடல் எதுவும் நல்ல நிலையில் கிடைக்கவில்லை. ஆகவே, காப்பீட்டு நிறுவனங்கள் கைகழுவிய விபத்துக் கார்களை ஏலத்தில் எடுத்து விற்கும் ஒரு யார்டுக்கு, வண்டலூரைத் தாண்டி, இரண்டு முறை போய் வந்தேன். அங்கே பார்த்த கார்களையும், அந்த யார்டையும், அவற்றோடு ஒப்பிட்டு என் பழைய காரையும் பற்றிய மதிப்பீடுதான் இது.

மாற்ற நினைத்ததற்கான காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வேகன் ஆர் என்னை நடுவழியில் நிறுத்தியதே இல்லை. 998 சிசி கே10 என்ஜின் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் புகை கக்காமல், ஆயில் குடிக்காமல் இருக்கிறது. டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால் அந்த வகைச் செலவும் வந்ததில்லை. ஆனால் நான் வாங்கிய வகையில் ஏர்பேக்கும் இல்லை, திடீரென பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. மாதம் இருமுறை அம்மாவைத் தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலை வழியாக மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். இருபுறமும் லாரியும் அரசுப் பேருந்தும் உரசுகிற மாதிரி வரும்போதெல்லாம் அந்தக் குறை மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாக்கப்பட்ட 2019-க்குப் பிறகு தயாரான ஒரு கார் வேண்டும் என்பதே என் ஒரே நோக்கமாக இருந்தது.

யார்டில் எனக்குக் காட்டியது 2020 டிசம்பரில் பதிவான ஒரு ஹேட்ச்பேக். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் காரின் குறைகள் எல்லாம் விபத்தால் வந்தவை. முன்பக்கம் வலப்புறமாக வாங்கிய அடி. பானட் கூரைபோல் மடிந்திருந்தது, ஒரு ஹெட்லைட் இல்லை, ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கேட்ட விலை இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். அதே மாடல் அடிபடாமல் இருந்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாது. எண்பதாயிரம் ரூபாய்க்குள் டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடித்துப் புதுக் கார் போல ஓட்டலாம் என்றார் விற்பனையாளர். கணக்கு அப்படித்தான் என்றால் எனக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் மிச்சம். அன்று இரவு வீட்டில் எல்லோரும் அதை வாங்கிவிடலாம் என்றே நினைத்தோம்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பழைய காகிதம். காரின் முந்தைய காப்பீட்டுப் பத்திரத்தின் நகலை யார்டில் கேட்டு வாங்கியிருந்தேன். அதில் ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காக மதிப்பிட்ட தொகை, 3,60,000 என்று இருந்தது. பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஒரு காரை முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனம் கணக்கில் எடுக்கும். ஆகவே சேதத்தை மதிப்பிட அந்தக் காரைப் பார்த்த சர்வேயர் 2,70,000 ரூபாய்க்கு மேல் செலவாகும் என்று எழுதியிருக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரின் கூலியும் புது உதிரிப்பாகங்களின் விலையும் அந்த மதிப்பீட்டில் அடங்கும் என்பதும், வெளிப் பட்டறையில் புதுப்பேட்டைப் பழைய பாகங்களைப் போட்டால் செலவு வெகுவாகக் குறையும் என்பதும் உண்மையே. ஆனாலும் 2,70,000 எண்பதாயிரமாகச் சுருங்க வேண்டுமானால், சர்வேயர் எழுதிய ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டால்தான் முடியும். எதை விடப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் முறை போனபோது, எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் பாயை உடன் அழைத்துச் சென்றேன். பதினோரு ஆண்டுகளாக எங்கள் காரைப் பார்ப்பவர் அவர். ஒரு நாள் கூலியாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்; இந்த முழு முயற்சியிலும் நான் செய்த மிகப் பயனுள்ள செலவு அதுதான். அவர் பானட்டைப் பார்க்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சீட்பெல்ட்டை இழுத்தார். அது ஒரு முழம் வந்து நின்றுவிட்டது. மேற்கொண்டு வரவும் இல்லை, உள்ளே சுருளவும் இல்லை. அடுத்து சாவியைத் திருப்பினார். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால் எல்லாம் சரி, அணையாமல் நின்றால் கோளாறு. அந்தக் காரில் அது எரியவே இல்லை. பிறகு ஸ்டீயரிங்கின் நடு மூடியை விரல் நகத்தால் தடவிக் காட்டினார். சுற்றிலும் மெல்லிய கீறல்போல ஒரு கோடு இருந்தது. வெடித்துக் கிழிந்த மூடியை உள்ளே பை இல்லாமல் ஒட்டி, மேலே வண்ணம் பூசியிருந்தார்கள். இடப்பக்க டாஷ்போர்டிலும் அதே வேலை. கொண்டுவந்த ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது என்ஜின் கன்ட்ரோல் யூனிட் பதில் சொன்னது, ஏர்பேக்கை இயக்கும் மாட்யூல் பதிலே சொல்லவில்லை.

"ஓட்டுறதுக்கு இந்த வண்டி ஓடும் சார். அடிபட்டா காப்பாத்தாது," என்றார் பாய்.

மோதலில் ஏர்பேக் விரியும்போது, சீட்பெல்ட்டை நொடிக்கும் குறைவான நேரத்தில் இறுக்கிப் பிடிக்கும் பிரிடென்ஷனரும் வெடித்துவிடும். இரண்டும் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானவை. அவற்றை மாற்ற வேண்டுமானால் இரண்டு ஏர்பேக், இரண்டு சீட்பெல்ட், மாட்யூல், ஸ்டீயரிங்குக்குள் சுழலும் கிளாக் ஸ்பிரிங், டாஷ்போர்டு, முன்பக்க மோதல் சென்சார் என்று பட்டியல் நீள்கிறது. பாய் விசாரித்துச் சொன்ன தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம். விற்பனையாளர் சொன்ன எண்பதாயிரத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. எந்தப் பாதுகாப்பைத் தேடி நான் காரை மாற்ற நினைத்தேனோ, அது முந்தைய உரிமையாளரின் விபத்திலேயே செலவாகிப் போயிருந்தது. என் வேகன் ஆரில் ஏர்பேக் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை மனத்தில் வைத்து மெதுவாக ஓட்டுகிறேன். அந்தக் காரில் ஏர்பேக் இருப்பதாக நம்பி அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்திருப்பேன். இதை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே உடல் நடுங்கியது.

உடற்கூட்டின் நிலையும் நன்றாக இல்லை. இந்த வகைக் கார்களில் தனியாகச் சேஸி கிடையாது. தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த உடலே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. என்ஜின் அறையின் பக்கத் தகடான ஏப்ரன் வலப்பக்கம் உள்ளே போயிருந்ததோடு, முன் கதவுக்கும் தூணுக்கும் இடையிலான இடைவெளி மேலே ஒரு விரல், கீழே அரை விரல் என்று கோணியிருந்தது. அடி தூண் வரை போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இழுத்து நேராக்கலாம், அலைன்மென்ட் ஒருபோதும் முழுமையாக நிற்காது, டயர் ஒருபக்கமாகவே தேயும் என்பது பாயின் கணிப்பு.

அதே யார்டில் 2018 மாடல் வெள்ளை செடான் ஒன்று, பார்வைக்குக் கீறல்கூட இல்லாமல், மிகக் குறைந்த விலைக்கு நின்றது. கதவைத் திறந்ததுமே ஈரச் சாக்கின் வாடை. பின் இருக்கை சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தபோது, கீழ்ப்பகுதியில் காய்ந்த சேறு வண்டல் கோடாகப் படிந்திருந்தது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துரு, இருக்கையின் தண்டவாள போல்ட்டுகளில் துரு, ஃப்யூஸ் பெட்டியின் பின்களில் பச்சை பூத்த செம்பு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பகுதிகளில் இப்படி மூழ்கிய கார்கள் ஏராளம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது பட்ட அனுபவத்தால்தான். விபத்துக் காரில் அடி எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். மூழ்கிய காரில் கோளாறு ஒயரிங்குக்குள் ஒளிந்திருந்து ஒவ்வொன்றாக வெளிவரும். என்ன விலைக்குக் கொடுத்தாலும் அது வேண்டாம்.

யார்டைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். மரியாதையாக நடந்துகொண்டார்கள், மெக்கானிக்கை அழைத்துவர மறுப்புச் சொல்லவில்லை, ஜாக்கி போட்டு அடிப்பகுதியைப் பார்க்கவும் விட்டார்கள். ஆனால் சர்வேயரின் அறிக்கையைக் கேட்டபோது அது தங்களிடம் இல்லை என்றார்கள். ஆர்.சி. இன்னும் முதல் உரிமையாளரின் பெயரிலேயே இருந்தது; வாங்குபவர் பெயர் எழுதப்படாத, உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்ட, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றை வைத்து விற்கிறார்கள். பழைய கார் வணிகர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், கார் தங்கள் கைக்கு வந்ததைப் படிவம் 29சி வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அந்தச் சான்றிதழை எனக்குக் காட்டவில்லை. இது காகித விவகாரம் என்று ஒதுக்கக் கூடியதன்று. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே தன் காரை இப்படி யார்டில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் அந்த முதல் உரிமையாளருக்கும் இதில் ஆபத்து உண்டு.

சேதமான கார் எதையுமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கதவு நசுங்கியது, பின்பம்பர் உடைந்தது, ஏர்பேக் விரியாதது, தூண்கள் நேராக இருப்பது என்றால் அதில் உண்மையான லாபம் இருக்கலாம். அப்படி வாங்குவதானால், சரிசெய்து பளபளவென்று நிறுத்திய காரைவிட, அடிபட்ட நிலையிலேயே இருக்கும் காரை வாங்குவதே மேல். பட்டியும் பெயின்ட்டும் ஏறுவதற்கு முன் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். பட்டறை சொந்தமாக உள்ளவருக்கு, அல்லது ஆறு மாதம் பொறுமையாகப் பாகம் தேடி அலையக் கூடியவருக்கு அது சரிவரும். ஒரே காரை நம்பி, மாதம் இருமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டிய என் போன்ற குடும்பத்துக்குச் சரிவராது.

வேகன் ஆருக்கு ஆன செலவையும் எழுதிவிடுகிறேன். முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராடு எல்லாமாக 14,000. கிளட்ச் செட் கூலியோடு 9,000. நான்கு டயர் 16,000. ஏசி கண்டென்சர் 8,500. இடப்பக்கக் கதவுக்குக் கீழே தகடு துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய 7,500. பழைய காரில் நான் அஞ்சுவது என்ஜினைவிட இந்தத் துருவைத்தான்; என்ஜினை மாற்றலாம், அடித்தளம் அரித்துப்போனால் கார் முடிந்தது. பாய் முழு அடிப்பகுதியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்து, மற்ற இடங்கள் உறுதியாக இருக்கின்றன என்று சொன்ன பிறகே மற்ற வேலைகளுக்கு ஒப்புக்கொண்டேன். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. அதோடு பசுமை வரியும் சேர்ந்து, மொத்தச் செலவு அறுபதாயிரத்தைத் தாண்டியது. இந்தக் காரை இன்று விற்றால் கிடைப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், இது வீண் செலவு என்று உறவினர் சிலர் சொன்னார்கள். விற்கும் விலையை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. நான் கணக்கிட்டது வேறு: இன்னும் மூன்று ஆண்டு ஓட்டினால் மாதத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு ரூபாய்தான் செலவு இது. மீதி ஏறக்குறைய இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தை வைப்புநிதியில் போட்டிருக்கிறேன். ஏர்பேக் முழுமையாக உள்ள, விபத்து இல்லாத ஒரு காருக்கு அது முதல் தவணை.

செப்டம்பர் முதல் வாரத்தில் புதுப்பித்த ஆர்.சி. வந்தது, 2030 வரை செல்லும். அதே வாரத்தில் யார்டிலிருந்து அழைத்து, அந்த ஹேட்ச்பேக்கை ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஏர்பேக் மாட்யூலை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். விளக்கு இப்போது சரியாக எரிந்து அணைகிறது என்று பதில் வந்தது. பை போட்டிருக்கிறீர்களா என்று மறுபடியும் கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்கள். மறுநாள் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். உயரமான இருக்கை என்பதால் முழங்காலை மடக்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். இப்போதெல்லாம் அவரைப் பின் இருக்கையில்தான் உட்கார வைக்கிறேன்.